கல்லூரி நாகர்கோவிலில், கோப்பு அபிஷேகப்பட்டியில்: முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் எம்.எஸ்சி.யோ பிஎச்.டி.யோ படிக்கும் பிள்ளைகளிடம் எங்கே படிக்கிறாய் என்று கேட்டால் கல்லூரியின் பெயரைத்தான் சொல்வார்கள். ஸ்காட், இந்து, ஹோலி கிராஸ், மார்த்தாண்டம் நேசமணி என்று வரும். வகுப்பு நடப்பது அங்கே, ஃபீஸ் கட்டுவது அங்கே, திட்டு வாங்குவதும் அங்கேதான். ஆனால் பட்டம் தருவது பல்கலைக்கழகம். எம்.ஏ. படிக்கிற இரண்டு வருடத்தில் இந்த வித்தியாசம் பெரிதாக உறைக்காது. பிஎச்.டி. பதிவுக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்த அன்றே உறைத்துவிடும்.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக எழுதுவது இது. பாடத்தைப் பற்றியோ ஆய்வு முறையைப் பற்றியோ இதில் ஒன்றும் இல்லை. எந்தத் தாள் எந்த மேசைக்குப் போகிறது, முடிவெடுப்பது யார், எந்தத் தேதி உங்கள் கழுத்தைப் பிடிக்கும் என்பது மட்டுமே.

உங்கள் பல்கலைக்கழகம் எது?

அசட்டுக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் நம் மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் வெவ்வேறு பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பது சாதாரணம். கலை, அறிவியல் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 1990இல் தொடங்கிய அதன் தலைமையிடம் திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் சாலையில் அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. பொறியியல் என்றால் சென்னை அண்ணா பல்கலைக்கழகம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு என்றால் கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். எம்.எட். என்றால் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பதால் படிப்பதும் பட்டம் வாங்குவதும் ஒரே வளாகத்தில் முடிந்துவிடும்.

ராஜாக்கமங்கலத்தில் இருக்கும் கடல்சார் அறிவியல் மையத்தையும் சொல்லிவிட வேண்டும். அது இணைப்புக் கல்லூரி கிடையாது, சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சொந்த மையம். அங்கே சேர்ந்தவருக்குக் கல்லூரி முதல்வர் என்ற படியே இல்லை, துறையிலிருந்து கோப்பு நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்.

இடையில் ஒரு சின்ன வரலாறு. 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர்கள் திருவிதாங்கூர் பக்கம். அப்போது படித்த தாத்தாவின் சான்றிதழில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் இருக்கும். பெரியப்பாவுடையதில் சென்னை, அப்பாவுடையதில் மதுரை, உங்களுடையதில் மனோன்மணியம் சுந்தரனார். கல்லூரிக் கட்டடம் என்னவோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. இந்தப் பழைய உறவால்தான் இன்றும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் டிகிரி முடித்துவிட்டு மேற்படிப்புக்கு இங்கே திரும்பி வருகிறவர்கள் நிறைய. அவர்களுக்குத் தனி வேலை ஒன்று இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இனி சொல்வதெல்லாம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளை மனதில் வைத்துத்தான். பிஎச்.டி. பற்றிய அடிப்படை விதிகள் யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்தவை, நாடு முழுவதற்கும் பொது. பல்கலைக்கழகம் அதற்கு மேல் தன் பங்குக்குச் சில நிபந்தனைகள் சேர்க்கலாம். அதனால் நீங்கள் பதிவு செய்யும் ஆண்டின் ஒழுங்குமுறைப் புத்தகத்தைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து இறக்கி, அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் சொன்னது சீனியரின் ஆண்டுக்குப் பொருந்தும்.

மேலே யார் இருக்கிறார்கள்?

துணைவேந்தர் தலைமை. சிண்டிகேட் என்கிற ஆட்சிக்குழு இறுதி முடிவெடுக்கும் இடம். பாடத்திட்டம் என்றால் அந்தந்தப் பாடத்தின் பாடத்திட்டக் குழு எழுதி, கல்விசார் நிலைக்குழுவுக்கு அனுப்பி, அங்கே ஒப்புதல் வாங்க வேண்டும். நிர்வாகக் கடிதங்கள் பதிவாளர் பெயரில் வரும், போகும். தேர்வு, மதிப்பெண், பட்டச் சான்றிதழ் எல்லாம் தேர்வாணையர் பக்கம். ஆய்வு மாணவர்களுக்குத் தினசரி உறவு ஆராய்ச்சிப் பிரிவோடுதான்.

முதுகலை மாணவர்கள் இதில் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. இன்டர்னல் மதிப்பெண்ணைக் கல்லூரி போடும், பருவத் தேர்வைப் பல்கலைக்கழகம் நடத்தும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் பாதிச் சிக்கல் இல்லை. ஸ்காட், ஹோலி கிராஸ் போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டமும் வினாத்தாளும் மதிப்பெண் பட்டியலும்கூட அந்தக் கல்லூரியுடையதே. மறுமதிப்பீடு கேட்டு அபிஷேகப்பட்டிக்குப் போகக் கூடாது, கல்லூரித் தேர்வு அலுவலகத்துக்குப் போக வேண்டும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். அதே தன்னாட்சிக் கல்லூரியில் பிஎச்.டி. செய்தால் கதை வேறு. பதிவு, தீசிஸ் என்கிற ஆய்வேடு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வு எல்லாமே பல்கலைக்கழகத்தின் கையில்.

எம்.ஏ. படிக்கும்போதே நினைவில் வைக்க வேண்டிய எண் 55. மூன்றாண்டு டிகிரியும் இரண்டாண்டு முதுகலையும் முடித்தவருக்கு முதுகலையில் 55 சதவீதம் இருந்தால்தான் பிஎச்.டி. எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயர் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. நான்காண்டு இளங்கலை முடித்தவர் 75 சதவீதத்தோடு நேரடியாக வரலாம். எம்.ஃபில். முடித்துவிட்டுப் போகலாமா என்று இன்னும் சில பெற்றோர் கேட்கிறார்கள். 2022 விதிகளோடு எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது, யாராவது சேர்த்துக்கொள்கிறேன் என்றால் பணம் கட்டாதீர்கள்.

கைடு

கைடு என்கிற ஆய்வு நெறியாளரைத் தேடும்போதுதான் பலர் இடறுகிறார்கள். நல்ல ஆசிரியர், அன்பானவர், நம் தலைப்பில் விஷயம் தெரிந்தவர் என்பது போதாது. அவரிடம் இடம் காலியாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். "அடுத்த மாதம் ஒருவர் முடித்துவிடுவார், அந்த இடம் உனக்கு" என்று சொன்னால், அவர் தீசிஸ் கொடுத்துவிட்டாரா, வைவா முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் என்பது அடுத்த வருடம் ஆவதுண்டு.

இரண்டாவது, அவருடைய ஓய்வுத் தேதி. வயதைக் கேட்பது மரியாதை இல்லை என்று நம் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்கக் கூடாது என்பது விதி. ஏற்கெனவே எடுத்தவர்களை ஓய்வு வரை நடத்தலாம், அதன்பிறகு 70 வயது வரை இணை நெறியாளராக மட்டும் தொடரலாம். மூன்று ஆண்டு, நான்கு மாதம் மீதி இருப்பவரிடம் சேர்ந்தால் விதிப்படி சரி. ஆனால் நடுவழியில் கைடு மாற்றக் கோப்பு ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கிறது. "சார், நீங்கள் ரிட்டயர் ஆன பிறகு யார் பெயரில் இருக்கும்?" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது, அவருடைய கல்லூரித் துறை உங்கள் பாடத்துக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வு மையமா என்பது. முதுகலை நடப்பதாலேயே ஆய்வு மையம் என்று ஆகிவிடாது.

நுழைவுத் தேர்வும் தாள்களும்

நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் தேறியிருந்தாலோ, ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை இருந்தாலோ நேர்காணலுக்குப் போகலாம். இல்லாவிட்டால் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. பாதிக் கேள்வி ஆய்வு முறையியலில், பாதி உங்கள் பாடத்தில். தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று எடை. 2024 முதல் நெட் தேர்வில் பிஎச்.டி.க்கு மட்டும் தகுதி பெறுகிறவர்கள் என்று ஒரு பிரிவும் வந்திருக்கிறது. அந்த மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டும் செல்லும்.

இப்போது கேரளத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். உங்களுக்கு இடப்பெயர்வுச் சான்றிதழ் வேண்டும், மைக்ரேஷன் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அத்தோடு, அந்தப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்கு இணை என்று இந்தப் பல்கலைக்கழகம் தரும் தகுதிச் சான்றிதழும் வேண்டும். முதலாவதை வாங்கத் திருவனந்தபுரம் பாளையம், இரண்டாவதற்கு அபிஷேகப்பட்டி. தேர்வு முடிவு வந்ததும் மைக்ரேஷனுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், சேர்க்கை அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெயரிலும் ஒரு கண் இருக்கட்டும். அங்கே சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் நிற்கும், இங்கே பள்ளிச் சான்றிதழில் முன்னால் நிற்கும். ஆதாரில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுசாகப் போட்டிருப்பார்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று உங்களுக்குத் தெரியும், மேசையில் இருக்கும் எழுத்தருக்குத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவுப் படிவத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். பட்டத்தில் அச்சாகப் போவது அதுதான்.

வேலை பார்த்துக்கொண்டு பகுதி நேரமாகச் செய்பவர்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று தர வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் அந்தக் கடிதத்தைத் தலைமையாசிரியரே கொடுத்துவிட முடியாது, துறை வழியாக மேலே போய் வர வேண்டும். அதற்கான நாளையும் கணக்கில் வையுங்கள்.

பதிவுத் தேதி

பல்கலைக்கழகத்திலிருந்து பதிவுக் கடிதம் வந்ததும் இனிப்பு வாங்கிக் கொடுக்கிறோமே, அந்தக் கடிதத்தில் ஒரு தேதி இருக்கும். சேர்ந்த தேதி என்று பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்வது அதைத்தான். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அதற்குள் முடியாவிட்டால் மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேல் இன்னும் 2 ஆண்டு, ஆக மொத்தம் 10. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காகப் பெண்களுக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. இந்த விடுப்பு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை, எழுதிக் கேட்டு உத்தரவு வாங்க வேண்டும்.

அந்தக் கடிதத்தை நகல் எடுத்து வீட்டில் ஒன்று, கைடிடம் ஒன்று, துறை அலுவலகத்தில் ஒன்று என்று வையுங்கள். இனி எந்த விண்ணப்பத்தின் முதல் வரியிலும் அந்தப் பதிவு எண்ணும் தேதியும் வேண்டியிருக்கும்.

முதலில் வருவது கோர்ஸ் ஒர்க். குறைந்தது 12 கிரெடிட், ஆய்வு நெறிமுறையும் வெளியீட்டு நெறிமுறையும் அதில் கட்டாயம். 55 சதவீதம் எடுக்க வேண்டும். ஆய்வு மாணவர்களுக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வகுப்பு, ஆய்வகம், திருத்தும் வேலை ஆகியவற்றில் உதவும் பொறுப்பைத் தரலாம் என்றும் விதியில் இருக்கிறது. வாரம் முழுக்க வகுப்பெடுக்க வேண்டும், கல்லூரி ஆண்டு விழாவுக்கு நாற்காலி போட வேண்டும் என்று இருப்பதாக நான் பார்க்கவில்லை.

டிசி மீட்டிங்

ஒவ்வொரு ஆய்வு மாணவருக்கும் ஓர் ஆலோசனைக் குழு உண்டு. யுஜிசி விதியில் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு என்பார்கள், நம் கல்லூரிகளில் டாக்டரல் கமிட்டி, சுருக்கமாக டிசி. கைடுதான் அதைக் கூட்டுபவர், கூடவே மற்ற உறுப்பினர்கள். ஆய்வுத் திட்டத்தைப் பார்ப்பது, தலைப்பை உறுதி செய்வது, பருவத்துக்கு ஒருமுறை உங்களை உட்காரவைத்து என்ன செய்தாய் என்று கேட்பது இவர்கள் வேலை. பல்கலைக்கழகத்துக்கு உங்களைப் பற்றித் தெரிவதெல்லாம் இந்தக் குழு எழுதி அனுப்பும் தாளில் உள்ளதுதான். நீங்கள் பேச்சிப்பாறையில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு மாதிரி சேகரித்தது அங்கே யாருக்கும் தெரியாது.

மீட்டிங் நடக்கும் விதம் இப்படி இருக்கும். துறைத் தலைவர் அறையில் நான்கு நாற்காலி, ஒரு மடிக்கணினி. வெளியிலிருந்து வரும் உறுப்பினர் திருநெல்வேலியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ பஸ் பிடித்து வருவார். நீங்கள் பதினைந்து இருபது ஸ்லைடு காட்டுவீர்கள். அவர் மூன்றாவது ஸ்லைடிலேயே நிறுத்தி, மாதிரி அளவு ஏன் இவ்வளவு என்று கேட்பார். உங்கள் கைடு மேசையைப் பார்ப்பார். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் குறித்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள், சமாளிக்க வேண்டாம். டீ வரும், வடை வரும், பேச்சு வேறு எங்கோ போகும். நீங்கள் கவனிக்க வேண்டியது அதன் பிறகு கையெழுத்தாகும் தாள். கூட்டத் தேதி, உங்கள் பதிவு எண், தலைப்பு எழுத்துக்கு எழுத்து முன்பு உறுதியானபடி, முன்னேற்றம் திருப்தியா இல்லையா, என்ன திருத்தம் சொன்னார்கள், எல்லா உறுப்பினர் கையெழுத்தும். வெளி உறுப்பினர் பஸ் ஏறுவதற்கு முன் இது முடிய வேண்டும். அவர் போன பிறகு ஒரு கையெழுத்துக்காகத் தூத்துக்குடி போய்வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தாள் கைடிடமிருந்து துறைத் தலைவருக்கு, அவரிடமிருந்து முதல்வருக்கு, முதல்வர் அலுவலக முகப்புக் கடிதத்தோடு ஆராய்ச்சிப் பிரிவுக்கு. இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டி நேராக அபிஷேகப்பட்டிக்குக் கொண்டுபோனால் "முறையான வழியில் அனுப்பவும்" என்று திரும்பி வரும். கல்லூரி அலுவலகத்தில் அனுப்புகைப் பதிவேட்டு எண்ணைக் கேட்டு உங்கள் நகலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரவில்லையே என்று யாராவது சொன்னால் "இந்தத் தேதியில், இந்த எண்ணில் அனுப்பியிருக்கிறார்கள் சார்" என்று சொல்ல முடியும். இந்த ஒரு வரிக்கு உள்ள மரியாதை அழுகைக்குக் கிடையாது.

முன்னேற்றம் திருப்தி இல்லை என்று எழுதினால் பயப்பட வேண்டாம். காரணத்தையும் திருத்த வழியையும் குழு எழுதித் தர வேண்டும். அதன்படியும் செய்யாவிட்டால்தான் பதிவை ரத்துச் செய்யப் பரிந்துரைப்பார்கள். அறிக்கையே அனுப்பாமல் விடுவதுதான் மோசம். நிறையப் பேர் ஒன்றும் செய்யவில்லையே, எதை எழுதுவது என்று இரண்டு பருவம் விட்டுவிடுவார்கள், பிறகு தீசிஸ் கொடுக்கும் நேரத்தில் அந்த இரண்டு தாளையும் கேட்பார்கள்.

நடுவில் வரும் மாற்றங்கள்

தலைப்பு மாற்றம், கைடு மாற்றம், முழு நேரத்திலிருந்து பகுதி நேரம், ஆய்வு மையம் மாற்றம் எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. எல்லாமே டிசி தாள் வழியாகத்தான் தொடங்கும். வேலை கிடைத்துவிட்டது, முதலில் சேர்ந்துவிடுவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முழு நேரப் பதிவில் இருந்துகொண்டே சம்பளம் வாங்கினால் பின்னால் இரண்டுக்கும் கேடு.

கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போகும் பெண்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று. திருமணம் போன்ற காரணத்தால் இடம் மாறும் ஆய்வு மாணவி தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய ஊரில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நிதி நிறுவனத்தின் திட்டத்தில் அடங்கிய ஆய்வாக இருக்கக் கூடாது, பழைய கைடுக்கும் நிறுவனத்துக்கும் உரிய அங்கீகாரம் தர வேண்டும், அவ்வளவே. மாப்பிள்ளை வீட்டார் "படிப்பை அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும்போது பெண் வீட்டார் கையில் இந்த விதி இருந்தால் நல்லது.

ஜேஆர்எஃப் வாங்குகிறவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு குழு மதிப்பிட்டு எஸ்ஆர்எஃப் என்கிற முதுநிலை உதவித்தொகை ஆக்கினால் 42,000. இந்தப் பணம் தானாக வராது. நிறுவனத்தில் இதற்கென்று ஒருவர் ஒவ்வொரு மாதமும் இணையதளத்தில் உங்கள் பெயருக்கு நேரே பதிந்து, இன்னொருவர் அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். மேக்கர், செக்கர் என்பார்கள். உங்களுக்கு அந்த இருவரும் யார் என்று சேர்ந்த வாரமே தெரிந்துகொண்டு மாதக் கடைசியில் ஒரு வணக்கம் போட்டுவிட்டு வருவது நல்ல பழக்கம்.

காட்டுக்குள் ஆய்வு என்றால், கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்துக்குள் கால் வைப்பதற்கு முன் வனத்துறை அனுமதி. மனிதர்களிடம் ரத்த மாதிரியோ மருத்துவத் தகவலோ எடுக்கும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழு ஒப்புதல். அனுமதி வரும்வரை உங்கள் பதிவுத் தேதி நின்று காத்திருக்காது, எனவே கோர்ஸ் ஒர்க் நடக்கும்போதே அந்த விண்ணப்பங்களை அனுப்பிவிடுங்கள்.

தீசிஸ் கொடுப்பது

சினாப்சிஸ் என்கிற சுருக்கத்துக்கு முன், குழுவின் முன்னும் மற்ற ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள் முன்னும் ஒரு விளக்கவுரை. அங்கே சொன்ன திருத்தங்களைச் சேர்த்த பிறகே தீசிஸ். யுஜிசியின் 2022 விதிகளில் ஆய்விதழில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் கேட்கலாம், உங்கள் ஆண்டுப் புத்தகத்தில் பாருங்கள். கேட்கிறார்கள் என்பதற்காகப் பணம் கட்டினால் இரண்டே நாளில் வெளியிடும் இதழ்களில் போய் விழாதீர்கள்.

பிறர் எழுத்தை அப்படியே எடுத்திருக்கிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை கட்டாயம். யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓர் ஆண்டுக்குக் கொடுக்கவே முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. தமிழ் ஆய்வேடுகளில் மென்பொருள் சரியாகப் பிடிக்காது என்று நம்பி எழுதுகிறவர்கள் உண்டு. மென்பொருள் விட்டதைத் தேர்வாளர் பிடிப்பார், அவர் அந்த மூல நூலை எழுதியவராகவே இருக்கலாம்.

குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் படிப்பார்கள். யார் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது, தேடவும் வேண்டாம். ஒருவர் ஏற்காவிட்டால் மூன்றாவது ஆளுக்குப் போகும், இருவரும் ஏற்காவிட்டால் பட்டம் இல்லை. தீசிஸ் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வைவா வரை முடிக்க வேண்டும் என்பது விதி. ஆறு மாதம் தாண்டினால் கைடு வழியாக நினைவூட்டல் கடிதம் அனுப்பலாம். நேரில் போய் விசாரிக்க வேண்டுமென்றால், வடசேரியில் காலையிலேயே வழியில் நிற்காத எண்ட் டு எண்ட் பஸ் பிடித்துத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி அபிஷேகப்பட்டி பஸ் பிடியுங்கள். மதிய உணவு நேரத்துக்கு முன் போய்ச் சேர்ந்தால்தான் அன்றே வேலை முடிந்து திரும்ப முடியும். பதிவு எண், அனுப்புகை எண், தேதி மூன்றும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

வைவா பொதுவில் நடக்கும், வீட்டாரைக் கூட்டிப் போகலாம். முடிந்த அன்றே பெயருக்கு முன்னால் முனைவர் போட்டு ஃபிளெக்ஸ் அடிக்கிறார்கள். அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போய், பட்டம் வழங்கும் அறிவிக்கை வந்த பிறகு அடித்தால் நல்லது. ஆய்வேட்டின் மின்படியை, நாட்டின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தில் ஏற்றுவதற்காகக் கொடுத்துவிட்டு, தற்காலிகச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். யுஜிசி விதிமுறைப்படி வழங்கப்பட்ட பட்டம் என்ற வாசகம் அதில் இருக்கிறதா என்று மேசையை விட்டு நகர்வதற்கு முன் படித்துப் பாருங்கள். உதவிப் பேராசிரியர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.